முகவரியை மறைத்தால் மின்மடல் போய்ச் சேராதா?

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சின்னாளப்பட்டி. காந்திகிராமத்துக்குப் பக்கத்து ஊர். சுங்குடிச் சேலை, செயற்கைப் பட்டு என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பித்தால்தான் தலைப்பில் இருக்கும் கேள்வி புரியும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே, நடுவில் தொழில்நுட்பமும் வரும்.

2017-ல் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்கா, சொந்தமாக இணையதளம் ஒன்று ஆரம்பித்தார். கணவருக்குத் திருப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் மகளும் மட்டும். முன் அறைதான் கடை, அதுதான் குடோன், அதுதான் ஆபீஸ். டாட் காம் பெயர் ஒன்றை வாங்கும்போது கேட்ட விவரங்களையெல்லாம் உண்மையாகவே கொடுத்தார். பெயர், தெருப்பெயர், கதவு எண், கைபேசி எண். பொய் சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதல் போன். "மேடம், வெப்சைட் டிசைன் பண்ணணுமா?" அடுத்து ஒன்று. அடுத்து ஒன்று. சாயங்காலத்துக்குள் பத்துப் பதினைந்து. இந்தி, ஆங்கிலம், தமிழ், எல்லா மொழியிலும். இதுகூடப் பரவாயில்லை. நாலாம் நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒருவன் கூப்பிட்டு, தெருப்பெயரைச் சொல்லி, "அங்கதான இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறான். அந்த வாரம் முழுக்க அக்கா வாசல் விளக்கை அணைக்கவே இல்லை.

ஹூஇஸ் என்ற பொதுப் பேரேடு

விவரம் வெளியே போனது எப்படி? யாரும் திருடவில்லை. அது அப்போது எல்லோரும் பார்க்கும்படிதான் வைக்கப்பட்டிருந்தது.

தளப்பெயர் ஒன்றைப் பதிவு செய்தால், அது யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் பதிவேட்டுக்கு ஹூஇஸ் என்று பெயர். 1982-ல் அதற்கான முதல் வரையறை எழுதப்பட்டபோது இணையம் சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டும் புழங்கும் இடம். ஒரு கணினியில் கோளாறு என்றால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஒரு காலேஜ் டிபார்ட்மெண்டின் டெலிபோன் டைரக்டரி மாதிரி. அதே டைரக்டரி பின்னால் உலகத்துக்கே பொதுவானபோது, அதில் கோடிக்கணக்கான வீட்டு முகவரிகள் சேர்ந்துவிட்டன.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒன்று தோன்றலாம். கம்பெனிப் பதிவாளரிடம் இயக்குநர்கள் பெயரைப் பொதுவில் பார்க்க முடிகிறதே, இது மட்டும் ஏன் தப்பு? வித்தியாசம் இருக்கிறது. கம்பெனிக்கு என்று பதிவு அலுவலகம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து தனிநபர் வணிகம் செய்யும் ஒருவருக்குத் தொழில் முகவரியும் படுக்கையறை முகவரியும் ஒன்றுதான்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் பதிவு மறைப்பு. பதிவு செய்பவர் பெயருக்குப் பதிலாக ஒரு பினாமி நிறுவனத்தின் பெயரும் முகவரியும் காட்டப்படும். (பினாமி என்றதும் பதற வேண்டாம், உண்மையான விவரம் பதிவாளர் நிறுவனத்திடம் இருக்கும்.) அமெரிக்காவில் டொமைன்ஸ் பை பிராக்ஸி என்ற நிறுவனம் 2002-லேயே இதை ஒரு சேவையாக விற்க ஆரம்பித்துவிட்டது. அக்காவின் சித்தி மகன் அப்போது திண்டுக்கல்லில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் வருடத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டி இந்த மறைப்பைப் போட்டுக் கொடுத்தான். போன் தொல்லை மெல்ல மெல்லக் குறைந்தது. அடியோடு நிற்கவில்லை. ஹூஇஸ் விவரத்தை அன்றாடம் நகலெடுத்துப் பழைய பதிவாகச் சேர்த்து வைத்து விற்கும் நிறுவனங்களும் உண்டு. ஒரு முறை வெளியே போனது போனதுதான்.

தீபாவளி ஆர்டர்

அந்த ஆகஸ்டில் மலேசியாவில் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழர், தளத்தைப் பார்த்து விலை கேட்டு எழுதினார். தீபாவளிக்கு அறுபது சேலை வேண்டும். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 18. அறுபது சேலை என்றால் முடிச்சுப் போடும் பெண்கள் நாலைந்து பேருக்குப் பல வார வேலை. அக்கா அன்று ராத்திரியே உட்கார்ந்து விலைப்பட்டியல் போட்டு, படங்கள் சேர்த்து, தன் தளத்தின் பெயரில் இருக்கும் முகவரியிலிருந்து அனுப்பினார். பதில் இல்லை. மூன்று நாள் கழித்து இன்னொரு மடல். பதில் இல்லை. ஒன்பதாம் நாள் போன் போட்டுக் கேட்டால், "நீங்க அனுப்பவே இல்லையேம்மா? நான் வேற இடத்துல சொல்லிட்டேனே" என்கிறார் அவர். இரண்டு மடலும் ஸ்பாம் பெட்டிக்குள் கிடந்தன.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் தீர்ப்பு வந்தது. "பிரைவசி போட்டிருக்கீங்கள்ல, அதான். மறைச்சு வச்சா ஸ்பாம்னுதான் நெனைப்பான். எடுத்து விட்ருங்க."

"தம்பி, என்னடா செய்யிறது? எடுத்தா ராத்திரி போன் வரும். எடுக்கலைன்னா ஆர்டர் வராது" என்றாராம் அக்கா.

"அக்கா, ரெண்டு நாள் பொறுங்க. பாத்துட்டு சொல்றேன். அதுவரைக்கும் எதையும் எடுக்காதீங்க" என்றான் தம்பி.

அந்த ஆள் சொன்னது பச்சைப் பொய்யா? அதுவும் இல்லை. இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

ஒரு காலத்தில் உண்மைதான்

2001-ல் வெளிவந்த ஸ்பாம் அசாசின் என்ற இலவச மென்பொருள், மடல்களை வடிகட்டுவதில் மிகவும் பிரபலம். பல்கலைக்கழகங்கள், சின்ன ஹோஸ்டிங் நிறுவனங்கள் என்று உலகம் முழுக்கப் பயன்பட்டது. அது வேலை செய்யும் விதம் பரீட்சைத் தாள் திருத்துவது மாதிரி. சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு மதிப்பெண். கூட்டுத்தொகை வழக்கமாக 5-ஐத் தொட்டால் ஸ்பாம்.

2000-களின் பின்பாதியில் அதன் விதிகளில் சில, ஹூஇஸ் மறைப்புக்கென்றே எழுதப்பட்டவை. மடலுக்குள் இருக்கும் இணைப்பின் தளப்பெயர் மறைப்பு நிறுவனம் ஒன்றின் பெயரில் பதிவாகியிருந்தால் கூடுதல் மதிப்பெண். எந்தெந்தப் பெயர்கள் அப்படி மறைக்கப்பட்டவை என்று ஓபன் ஹூஇஸ் என்ற தனிப் பட்டியலே பராமரிக்கப்பட்டது. அந்த ஒரு விதி மட்டும் ஒரு மடலைக் கவிழ்க்கப் போதாது. ஆனால் வேறு குறைகளும் இருந்தால் தராசு சாயும்.

இன்னொரு பக்கம் ஆர்எஃப்சி இக்னரண்ட் என்று ஒரு கறுப்புப் பட்டியல். இணைய விதிகளை மதிக்காத தளப்பெயர்களைப் பட்டியல் போடுவது அதன் வேலை. ஹூஇஸ்ஸில் பொய்யான விவரம் கொடுத்தவர்களுக்கென்று அதில் தனிப் பிரிவே உண்டு. 2012-ல் அது மூடப்பட்டது. 1998-லிருந்து இயங்கும் ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகளும், மொத்த மடல் அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் அடையாளத்தை மறைக்காமல் இருப்பது நல்லது என்று சொல்லி வந்தன.

காரணம் எளிது. ஸ்பாம் அனுப்புகிறவன் ஒரே நாளில் நூறு பெயர் வாங்குவான், எல்லாவற்றையும் மறைப்பான், இரண்டு நாளில் தூக்கிப் போடுவான். ஸ்பாம்காரர்களில் பலர் மறைப்பைப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் மறைப்பைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் ஸ்பாம்காரர்கள் என்று ஆகிவிடுமா? திருடன் முகத்தை மூடிக்கொண்டு வருவான் என்பதற்காக, வெயிலுக்குத் துண்டு போட்டு முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டியில் போகும் பெண்களையெல்லாம் பிடித்து விசாரிக்க முடியுமா?

பூட்டுக்குப் பேர் போன ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கதவில் நல்ல பூட்டுத் தொங்குகிறது என்றால் அந்த வீட்டுக்காரர் ஜாக்கிரதையானவர் என்றுதான் அர்த்தம். அவர் நல்லவரா கெட்டவரா என்று பூட்டு சொல்லாது.

தம்பி செய்த சோதனை

தம்பி முதலில் செய்தது, அக்காவின் முகவரியிலிருந்து தன் ஜிமெயிலுக்கு ஒரு மடல் அனுப்பச் சொன்னது. அதுவும் ஸ்பாமுக்குத்தான் போனது. ஜிமெயிலில் மடலைத் திறந்து ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று ஒன்று வரும். அதில் மடலின் ஜாதகமே இருக்கும். அதில் எஸ்பிஎஃப் என்ற வரிக்கு எதிரே தோல்வி. டிகேஐஎம் என்ற வரியே இல்லை.

இவை என்ன? மின்மடல் அனுப்பும் முறையை 1982-ல் வரையறுத்தபோது, அனுப்புநர் உண்மையிலேயே அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. தபால் உறை மாதிரிதான். பெட்டியில் போடும் கடிதத்தின் 'அனுப்புநர்' இடத்தில் கலெக்டர் பெயரை எழுதினாலும் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். இந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவை மூன்று.

முதலாவது எஸ்பிஎஃப், 2006-ல் வெளியானது. "என் பெயரில் மடல் அனுப்ப இந்த இந்தக் கணினிகளுக்கு மட்டும்தான் அனுமதி" என்று தளப்பெயரின் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரி எழுதி வைப்பது. வங்கியில் கையெழுத்து அதிகாரம் யார் யாருக்கு என்று எழுதிக் கொடுக்கிறோமே, அது போல.

இரண்டாவது டிகேஐஎம், 2007. இதுதான் பூட்டும் சாவியும். அனுப்பும் கணினி தன்னிடம் இருக்கும் ரகசியச் சாவியால் மடலில் முத்திரை வைக்கும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். வழியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது.

மூன்றாவது டிமார்க், 2012-ல் அறிவிக்கப்பட்டது. எஸ்பிஎஃப் பார்ப்பது உறையின் மேல் இருக்கும் முகவரியை, படிப்பவர் கண்ணில் படும் 'ஃப்ரம்' முகவரியை அல்ல. மேலே சொன்ன இரண்டில் ஒன்றாவது தேறி, அந்த ஃப்ரம் முகவரியின் தளப்பெயரோடு ஒத்துப்போகிறதா, போகாவிட்டால் என்ன செய்யலாம் என்று சொல்வது டிமார்க்.

அக்காவின் விஷயத்தில் நடந்தது இதுதான். தளத்தை முதலில் அமைத்தவர் தன் சர்வரை மட்டும் எஸ்பிஎஃப் வரியில் எழுதியிருந்தார். பிறகு விலை குறைவு என்று வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினார்கள். மடல்கள் புது சர்வரிலிருந்து போக ஆரம்பித்தன. எஸ்பிஎஃப் வரியை யாரும் மாற்றவில்லை. அதாவது, அக்கா அனுப்பிய ஒவ்வொரு மடலைப் பற்றியும் அக்காவின் தளப்பெயரே "இது என் ஆள் அனுப்பியதில்லை" என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது!

தம்பி அந்த வரியைத் திருத்தினான். ஹோஸ்டிங் பலகையில் டிகேஐஎம்மை இயக்கினான். ஹூஇஸ் மறைப்பைத் தொடவே இல்லை. இது முக்கியம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எது காரணம் என்று கடைசி வரை தெரிந்திருக்காது. மறுநாள் அதே விலைப்பட்டியலை அதே முகவரியிலிருந்து அனுப்பினார்கள். தம்பியின் ஜிமெயிலில் இன்பாக்ஸ். இன்னும் நாலு பேருக்கு அனுப்பிக் கேட்டார்கள், எல்லோருக்கும் இன்பாக்ஸ். மறைப்பு அப்படியேதான் இருந்தது.

கிள்ளான் ஆர்டர் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுபது சேலை போனது போனதுதான். அந்தத் தீபாவளிக்கு முடிச்சுப் போடுகிறவர்களுக்கு அக்காவிடம் வேலை இல்லை.

இன்றைக்கு நிலைமை

2018 மே 25-ல் ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால், தளப்பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒரு தற்காலிக விதியைப் போட்டு, பதிவு செய்தவரின் சொந்த விவரங்களைப் பொதுவில் காட்டாமல் இருக்க வழி செய்தது. அதன் பிறகு டாட் காம் போன்ற பெயர்களில் விவரம் மறைந்திருப்பதுதான் வழக்கம், தெரிவதுதான் விதிவிலக்கு. 2025 ஜனவரி 28-லிருந்து டாட் காம் போன்ற பெயர்களுக்குப் பழைய ஹூஇஸ் சேவையே கட்டாயமில்லை, ஆர்டேப் என்ற புது முறை அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

டாட் இன் பெயர்களின் கதை கொஞ்சம் வேறு. அவற்றை நிர்வகிப்பது 2003-ல் தொடங்கப்பட்ட நிக்சி. பினாமி வைத்து மறைக்கும் சேவைக்கு டாட் இன்னில் அனுமதி இல்லை. உண்மைப் பெயரில்தான் பதிய வேண்டும். ஆனால் இன்று டாட் இன் பெயர் ஒன்றைத் தேடிப் பாருங்கள், மாநிலமும் நாடும் தெரியும், ஆளின் பெயரும் தெருவும் போன் எண்ணும் மறைக்கப்பட்டிருக்கும். பதிவேட்டில் உண்மை, வெளியில் மறைப்பு. யோசித்தால் நியாயமான ஏற்பாடுதான்.

இப்போது வடிகட்டியின் பக்கத்திலிருந்து பாருங்கள். எல்லோரும் மறைந்திருக்கும்போது மறைப்பு எதற்கு அடையாளம்? வகுப்பில் அறுபது பேரும் ஒரே சீருடையில் வந்தால் சட்டை நிறத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்குப் புது நிபந்தனைகள் கொண்டுவந்தன. ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும். நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் இதே மாதிரி விதிகளோடு வந்தது. கூகுளின் அந்தப் பட்டியலில் ஹூஇஸ் மறைப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதற்காக மறைப்புக்கும் மடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்துவிடவும் முடியாது. ஓர் இடத்தில் நேரடிச் சம்பந்தம் உண்டு. டாட் காம் மாதிரிப் பெயரைப் பதிவு செய்ததும் உங்கள் மின்னஞ்சலையோ போனையோ சரிபார்க்கச் சொல்லி ஒரு செய்தி வரும். 15 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் பெயரை நிறுத்தி வைக்கவோ, பதிவாளர் தானே விசாரித்துப் பார்க்கவோ வேண்டும் என்பது 2013-ல் வந்த ஐகேன் ஒப்பந்த விதி. தளப்பெயர் நின்றால் மடலும் நின்றுவிடும். பலர் டிசைன் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலையே பதிவில் கொடுத்து விடுகிறார்கள். அவர் வேறு வேலைக்குப் போன பிறகு சரிபார்ப்புச் செய்தி யாருக்கு வரும்? ஆகவே வெளியே மறைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. உள்ளே கொடுக்கும் விவரம் உங்களுடையதாக, வேலை செய்வதாக இருக்கட்டும்.

இன்னொன்று, வணிகவியல் மாணவர்களுக்காக. ஹூஇஸ்ஸில் மறைக்கலாம், கடையில் மறைக்க முடியாது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களைத் தளத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும். அக்கா இதற்கும் ஒரு வழி கண்டார். கடைவீதியில் தெரிந்தவர் கடை மாடியில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தார். சரக்கு, பில் புத்தகம் எல்லாம் அங்கே போனது. தளத்தில் அந்த முகவரி. கடைக்கென்று தனி போன் எண், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அணைத்து வைக்கப்படும். வாங்குகிறவருக்கு வேண்டியது, பணம் போட்டால் யாரைக் கேட்பது என்பதற்கு ஓர் இடம். அக்காவின் மகள் எந்த வீட்டில் தூங்குகிறாள் என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம்.

ஆக, உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் கடையிலோ "மறைப்பை எடுத்தால்தான் மடல் போகும்" என்று யாராவது சொன்னால் உடனே எடுத்துவிடாதீர்கள். எடுத்த பிறகு திரும்ப மறைத்தாலும் நகலெடுத்தவன் கையில் இருப்பது அழியாது. முதலில் ஒரு மடலை உங்கள் ஜிமெயிலுக்கே அனுப்பி, அதன் ஜாதகத்தைத் திறந்து அந்த மூன்று வரிகளைப் பாருங்கள். ஹோஸ்டிங் மாற்றியிருந்தால் எஸ்பிஎஃப் வரியும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள். அதில் ஒருவர் ஸ்பாம் அனுப்பினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கெட்ட பெயர், அதையும் பாருங்கள். நேற்று வாங்கிய பெயரிலிருந்து இன்றே ஐநூறு பேருக்கு அனுப்பாதீர்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் அப்புறம் மற்றதை யோசிக்கலாம்.

அக்காவின் தளம் இன்றும் இருக்கிறது. கிள்ளான்காரர் 2018-ல் தானாகவே எழுதி நாற்பது சேலை வாங்கினார். மறைப்பும் இருக்கிறது, எஸ்பிஎஃப் வரியும் சரியாக இருக்கிறது. ஆனாலும் வெளியூருக்கு ஒரு விலைப்பட்டியல் போனால், கையோடு வாட்ஸப்பில் ஒரு வரி தட்டிவிடுவது அக்காவுக்குப் பழக்கமாகிவிட்டது: "அண்ணே, மெயில் வந்துச்சான்னு ஒரு தடவை பாத்துருங்க."